கங்குக்குப் போன ஆள்

மழைக்காலத்தில் நரிப்பாறை ஏலத்தோட்டத்துத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் தீப்பெட்டி பற்றாது. குச்சியை உரசினால் மருந்து களிம்பு மாதிரி பெட்டியிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் விடியும் முன்பே வீட்டுக்கு ஓர் ஆள் மண்சட்டியை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போய் நெருப்புக் கங்கு வாங்கி வருவார்கள். ஸ்டோர் என்பது ஏலக்காய் காயவைக்கிற கட்டடம். காய் எடுப்பு நடக்கிற மாதங்களில் அதன் அடுப்பு அணைவதில்லை. வாங்கின கங்கின் மேல் சாம்பலைத் தூவி, ஏலச்செடி இலையால் மூடி, சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவார்கள். லைனுக்கு வந்து ஊதினால் அடுப்பு பிடித்துவிடும்.

1985 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை அதிகாலை அப்படிக் கங்கு வாங்கப் போன சோலை திரும்பி வரவில்லை. அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் ஸ்டோருக்கு மேலிருந்த சரிவு பாறையும் மரமுமாக இறங்கி, ஸ்டோரையும் அதற்குக் கீழே இருந்த ஏலச்செடிகளையும் மூடிவிட்டது. நான்கு நாள் விடாமல் பெய்த மழை அது.

நான் அப்போது போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் மூட்டைகளுக்கு அடையாளம் எழுதிக்கொண்டிருந்தேன். மாலை ஆறிலிருந்து எட்டு வரை ஜக்கையன் சாரின் வகுப்பில் தமிழ்ச் சுருக்கெழுத்து படித்தேன். நாட்குறிப்பும் எழுதுவேன். இங்கே எழுதுவதெல்லாம் அதிலிருந்து எடுத்தது. நான் நேரில் பார்க்காததைப் பார்த்தவர்களிடம் இரண்டு தடவை கேட்டு எழுதினேன். அப்படியும் தவறு இருக்கலாம்.

சோலையின் மனைவி ராக்கு. அவளுடைய அண்ணன் தவசி எங்கள் பக்கத்து வீடு. போடிக்கும் குரங்கணிக்கும் ஜீப் ஓட்டுகிறவர். வியாழக்கிழமை காலை அவருடைய ஜீப்பில்தான் நான் குரங்கணிக்குப் போனேன். கடையில் வேலை இல்லை. மலையிலிருந்து லோடு இறங்கவில்லை.

ஜீப் ரோடு குரங்கணியோடு முடிந்துவிடும். அங்கிருந்து தோட்டத்துக்கு இரண்டரை மணி நேரம் ஏற வேண்டும். லைனில் இருக்கப் பயந்து பாதிப் பேர் குரங்கணிக்கு இறங்கி, காப்பிக்கொட்டை காயப்போடும் களத்துக்கு ஓரமாக இருந்த தகரக் கொட்டகையில் தங்கியிருந்தார்கள். ராக்குவும் அங்கேதான் இருந்தாள். மடியில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. காய்ச்சல் விட்டிருந்தது. ராக்கு செவ்வாய்க்கிழமையிலிருந்து பால் விடாத கட்டன் காப்பியைத் தவிர ஒன்றும் உள்ளே இறக்கவில்லை என்று அவளோடு காய் எடுக்கிற முனியாயி சொன்னாள்.

முனியாயிக்கு ஐம்பது வயது இருக்கும். நரிப்பாறையில் காய் எடுக்கிற பெண்கள் செடி வரிசையில் ஆளுக்கொரு நிரை பிடித்துப் போகும்போது முதல் நிரை அவளுடையது. வாயில் எப்போதும் புகையிலை.

நாங்கள் போனபோது சர்க்கார் ஆள் ஒருவர் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்.

“ராத்திரி ஸ்டோர்ல அடுப்புப் பாத்தது அஞ்சு பேரு. தோட்டத்து லிஸ்டுல அஞ்சு பேருதான் இருக்கு. அஞ்சு பேரையும் எடுத்தாச்சு. இதுல ஒம்புருசன் பேரு எங்கம்மா?” என்றார்.

“அவரு அடுப்புப் பாக்கப் போகலய்யா. கங்குக்குப் போனாரு,” என்றாள் ராக்கு.

“எத்தன மணிக்கு?”

“மணி என்னத்தக் கண்டேன். கோழி கூப்பிட்ட பெறகு.”

“பாத்தவங்க யாரும் உண்டா?”

“நாந்தான் போகச் சொன்னேன்.” அவள் குழந்தையின் தலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “பிள்ளைக்குக் காய்ச்சலு. வெந்நி வைக்கணும். மழ வெறிக்கட்டும்டீ, விடிஞ்சதும் போறேன்னாரு. நாந்தான், இப்பவே போ, வெரசா போயிட்டு வந்துருன்னு சட்டியக் கையில குடுத்தேன்.”

எழுதுகிறவர் பேனாவை மூடினார். “கங்காணி வேற சொல்றாரும்மா. ரெண்டு மாசமா கேரளா பக்கம் தோட்டத்துல கூலி கூடுதல்னு ஒம்புருசன் பேசிக்கிட்டு இருந்தாராம். மேட்டத் தாண்டிப் போயிருக்கலாம்ல?”

முனியாயி புகையிலையைத் துப்பிவிட்டு வந்தாள். “ஏன்யா, மேட்டத் தாண்டிப் போறவன் மழயில மஞ்சட்டியத் தூக்கிக்கிட்டா போவான்? அங்கிட்டு என்ன சட்டிப் பஞ்சமா?”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தப்பு என்று உடனே எல்லோருக்கும் தெரிந்தது. எழுதுகிறவர், ‘சோலை, விசாரணையில்’ என்று தனியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் தவசி அண்ணன் என்னிடம் சொன்னார். “தம்பி, எம்மாப்ள கோவக்காரன்தான். ஆனா பிள்ளைக்கு மேலு சுடுதுன்னா பத்து மைல் நடப்பான். கங்காணி சொல்றத ஊரு நம்பிருச்சுன்னா, இவ நாளைக்கு என்னன்னு இருப்பா? தாலியோட இருக்கவா, கழத்தவா? புருசன் செத்தவளா, விட்டுட்டுப் போனவளா? ஆள எடுத்துட்டா ஒரே அழுக. எடுக்காட்டி ஆயுசுக்கும் இதே பேச்சு.”

ஸ்டோர் இருந்த இடத்தில் நாற்பது பேர் மண் அள்ளிக்கொண்டிருப்பதாகவும் அவர்கள் இன்னும் நிறுத்தவில்லை என்றும் அன்று சாயங்காலம் செய்தி வந்தது. மறுநாள் அமைச்சர் வருகிறார் என்றும் சொன்னார்கள்.

அமைச்சரின் பேச்சைப் பற்றி எழுதும் முன் எங்கள் வகுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு பிரதமர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, ஜக்கையன் சார் எங்களைப் பன்னிரண்டு நாள் வானொலிக்கு முன்னால் உட்காரவைத்தார். இரங்கல் உரைகளைக் கேட்டு எழுதுவதுதான் பயிற்சி. யார் பேசினாலும் சில சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஈடுசெய்ய முடியாத இழப்பு. சொல்லொணாத் துயரம். தோளோடு தோள் நின்று. இருள் விலகும். சுருக்கெழுத்தில் அடிக்கடி வருகிற தொடருக்கு ஒரே கோடு போதும். கையை எடுக்காமல் இழுத்துவிடலாம். சார் அப்படி முப்பத்தொரு தொடர்களுக்குக் கோடு அமைத்துக் கொடுத்தார். ஒரு வாரத்தில், பேசுகிறவர் வாக்கியத்தைத் தொடங்கும்போதே எங்கள் பென்சில் அதை முடித்துவிடும். எங்கள் வீட்டில் அம்மா அதே உரைகளைக் கேட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். மறுநாள் காலையில் எழுந்து பதற்றமில்லாமல் வேலைக்குப் போனாள். சொற்கள் ஒரே கோட்டில் அடங்குவதும் அவையே அம்மாவைத் தேற்றியதும் எனக்கு ஒன்றோடொன்று பொருந்தவில்லை. நாட்குறிப்பில் அதை எழுதி ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு அமைச்சர் வந்தார். நான் களத்தின் முன்வரிசையில் ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்து, நோட்டைக் குடைத்துணிக்குள் வைத்துக்கொண்டேன். நிகழ்ச்சியில் நேராகக் கேட்டு எழுதுவது எனக்கு அதுதான் முதல் தடவை. ஆறு பென்சில் சீவி வைத்திருந்தேன்.

அவர் நன்றாகப் பேசினார் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். முதலில் மேடையில் ஏறவில்லை. ராக்கு இருந்த இடத்துக்கு வந்து, சேற்றில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி நனைந்தது. குழந்தையின் தலையைத் தடவினார். ராக்கு அவரிடம், “அய்யா, இதோட அப்பன் எங்கய்யா இருக்காரு? எடுத்துக் குடுங்கய்யா,” என்றாள். அவருடைய கண்ணில் நீர் வந்தது. நான் இரண்டு முழம் தள்ளி இருந்தேன். அது நடிப்பில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

பிறகு மைக்கைப் பிடித்தார். என் நோட்டில் உள்ளபடி:

“என் தாய்மார்களே, பெரியவர்களே! இந்த மலை அழுதுகொண்டிருக்கிறது. அதன் கண்ணீரைத் துடைக்க நான் வரவில்லை. அதனோடு சேர்ந்து அழ வந்திருக்கிறேன். மண்ணுக்குள் போனது உங்கள் வீட்டு உயிர் என்று நினைக்காதீர்கள். என் வீட்டு உயிர். இது ஈடுசெய்ய முடியாத இழப்பு. இந்தக் குழந்தையின் அப்பா எங்கே என்று இந்தத் தாய் என்னைக் கேட்டாள். தாயே! உன் கேள்வி இந்த நாட்டின் கேள்வி. உன் கண்ணீர் இந்த நாட்டின் கண்ணீர். நீ தனியாக இல்லை. கடைசி மனிதன் வரைக்கும் இந்த அரசு உங்கள் பக்கம் நிற்கும். இந்த மலையை விட்டு என் கால்கள் இறங்கலாம்; என் மனம் இறங்காது. இருள் விலகும். மீண்டும் வருவேன். உங்களைப் பார்க்க மீண்டும் மீண்டும் வருவேன்!”

இது ஒரு பகுதிதான். மொத்தம் பதினாலு நிமிடம். களத்தில் அழாத ஆள் இல்லை. தவசி அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். முனியாயி மட்டும் என் காதருகே குனிந்து, “துட்டி கேக்க வந்த எடத்துல வருவேன்னு சொல்றாரு பாரு. அதயும் ரெண்டு தரம். இவருக்குச் சொல்லிக் குடுக்க வீட்டுல ஒரு பொம்பள கெடயாதா?” என்றாள். இழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. ஒன்றும் சொல்லாமல்தான் எழுந்து போக வேண்டும். ஆனால் அப்படிச் சொன்ன முனியாயியின் கண்ணும் நனைந்துதான் இருந்தது.

அன்று மத்தியானம் ராக்கு சாப்பிட்டாள். கேப்பைக்களியும் கருவாட்டுக் குழம்பும். முனியாயி உருண்டை பிடித்துக் கையில் வைத்தாள். ராக்கு ஐந்து உருண்டை சாப்பிட்டாள். பிறகு குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு பொழுது சாயும்வரை தூங்கினாள். எழுந்ததும் அவள் முதலில் சொன்னது இதுதான்:

“கடசி ஆளு கெடைக்கிற வரைக்கும் தோண்டுவோம்னு சொல்லிட்டாருல்ல அண்ணே.”

“சொல்லிட்டாரு தாயி. எல்லாரும்தான் கேட்டமே,” என்றார் தவசி அண்ணன்.

நானும் தலையாட்டினேன். எனக்கும் அவர் அப்படிச் சொன்னதாகத்தான் நினைவு இருந்தது.

சனிக்கிழமை பொழுதடைய மண் அள்ளுகிற ஆட்கள் மண்வெட்டியும் கூடையுமாகக் குரங்கணிக்கு இறங்கிவிட்டார்கள். ஸ்டோர் இருந்த இடத்தில் அடித்தளம்வரை தோண்டிப் பார்த்தாகிவிட்டது, இனி ஆள் இல்லை என்று மேலே எழுதி அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தவசி அண்ணன் என் வீட்டு வாசலில் நின்றார். “தம்பி, மந்திரி பேசுனத எழுதுனேல்ல? அத நல்ல தாள்ல எழுதிக்கொண்டா. நாளைக்கு ஆபீசுக்குப் போறோம். மந்திரி சொன்னத மாத்த இவனுக யாரு?”

நான் நோட்டை எடுத்து முழு எழுத்தில் எழுதத் தொடங்கினேன். பதினொரு பக்கம் ஆனது. கடைசிவரை எழுதிவிட்டுத் திரும்பத் தேடினேன். ‘தோண்டுவோம்’ என்ற சொல் எங்கும் இல்லை. ‘தேடுவோம்’ என்பதும் இல்லை. ‘கடைசி மனிதன் வரைக்கும்’ என்று இருந்தது. அதற்குப் பின்னால் ‘உங்கள் பக்கம் நிற்கும்’ என்றுதான் இருந்தது.

நான் எழுதாமல் விட்டிருப்பேன் என்று நினைத்தேன். எனக்கு வேகம் போதாது. மாதத் தேர்வில் இரண்டு முறை தவறியவன். நோட்டை எடுத்துக்கொண்டு ஜக்கையன் சார் வீட்டுக்குப் போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கோடாக விரலால் தொட்டு வாசித்தார்.

“இது வரைக்கும் நீ எழுதுனதிலேயே இதான்டா சுத்தமா இருக்கு. எங்கயும் விடல,” என்றார்.

“சார், ஒரு வாக்கியம் விட்டுப்போயிருக்கணும். எல்லாரும் கேட்டிருக்காங்க. நானும் கேட்டேன்.”

“கேட்டயா, இல்ல அப்பறம் மத்தவங்க சொன்னதக் கேட்டயா?”

சார் நோட்டை மூடிக் கொடுத்தார். “இந்தப் பக்கம் பூரா பாரு. நாம போன வருசம் போட்ட கோடு ஒம்போது எடத்துல வருது. அவரு தப்பா ஒண்ணும் சொல்லல. செய்றேன்னும் ஒண்ணும் சொல்லல.”

தவசி அண்ணனிடம் அன்றே சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை அவர் வீட்டு வாசல்வரை போனேன். அவர் ஜீப்பைக் கழுவிக்கொண்டே, “தாளு ரெடியா?” என்று கேட்டார். “ரெடி அண்ணே,” என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வரி சேர்த்துவிடலாமா என்றும் நினைத்தேன். கையெழுத்து என்னுடையது, கோடு வாசிக்கத் தெரிந்தவர்கள் போடியில் பத்துப் பேர்கூட இல்லை. அப்படி நினைத்ததையும் அன்றைய தேதியில் எழுதி வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை ராக்கு, தவசி அண்ணன், முனியாயி, நான், இன்னும் லைன் ஆட்கள் ஏழெட்டுப் பேர் ஆபீசுக்குப் போனோம். எந்த ஆபீஸ், எந்த அதிகாரி என்று எழுத வேண்டியதில்லை. அவர் எங்களை நிற்கவைக்கவில்லை. பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார். ஐந்து நாளாக அவரும் மலையில் நனைந்திருக்கிறார். பேசும்போது இருமினார்.

“தோண்ட வேண்டிய எடம் பூராத் தோண்டியாச்சும்மா. மேல வெடிப்பு விட்டிருக்கு. இன்னொரு சரிவு வந்தா அந்த நாப்பது பேருக்கு யார் பதில் சொல்றது?”

“மந்திரி சொன்னாருங்கய்யா,” என்றாள் ராக்கு. “கடசி ஆளு கெடைக்கிற வரைக்கும் தோண்டுவோம்னு. எம்முன்னாடி சேத்துல உக்காந்து சொன்னாரு.”

“அப்படி உத்தரவு எதுவும் எனக்கு வரலியே.”

“உத்தரவு எதுக்குங்கய்யா? இந்தத் தம்பி ஒரு சொல்லு விடாம எழுதி வச்சிருக்கு.” ராக்கு என்னைப் பார்த்தாள். “வாசி தம்பி.”

நான் எழுந்து நின்று வாசித்தேன். என் குரலில் அந்தப் பேச்சு வேறு மாதிரி இருந்தது. மைக் இல்லை, மழை இல்லை, கூட்டமில்லை. மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மலை அழுகிறது என்ற இடத்தில் ஒரு குமாஸ்தா தலையைத் தூக்கிப் பார்த்தார். நான் ‘கடைசி மனிதன் வரைக்கும்’ என்ற இடத்துக்கு வந்தபோது ராக்கு பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தாள். ‘இந்த அரசு உங்கள் பக்கம் நிற்கும்’ என்று வாசித்து, நிறுத்தாமல் முடிவுவரை போனேன்.

“அது வரலியே,” என்றார் தவசி அண்ணன்.

“இவ்வளவுதான் அண்ணே.”

“நடுவுல ஒரு எடத்துல சொன்னாருப்பா. நல்லாப் பாரு.”

“சாரும் பாத்துட்டாரு அண்ணே. இவ்வளவுதான் இருக்கு.”

“என்னத்த எழுதுன நீ?” தவசி அண்ணனின் குரல் உயர்ந்தது. “இதுக்குத்தான் ராவும் பகலும் படிச்சயா? ஊரே கேட்டது ஒனக்கு மட்டும் கேக்கலயா?”

அதிகாரி கையை நீட்டித் தாளை வாங்கித் தாமே ஒரு முறை படித்தார். “இதுல செய்றேன்னு அவர் சொன்னது ஒண்ணுதான்மா இருக்கு. மீண்டும் வருவேன்னு இருக்கு,” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார்.

ராக்கு, “இன்னொரு தடவ வாசி தம்பி. மெதுவா வாசி,” என்றாள்.

மறுபடி வாசித்தேன். இந்தத் தடவை அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் லேசாகத் தலையசைத்துக்கொண்டே வந்தாள். முடிந்ததும் அதிகாரி பக்கம் திரும்பினாள்.

“அவரு எங்க இருக்காருன்னு கேட்டேன்,” என்றாள். “நாட்டோட கேள்வின்னுட்டாரு. நல்ல சொல்லுதான். கேக்க ஆறுதலாத்தான் இருந்துச்சு. அன்னைக்கு நாஞ்சோறு தின்னேன்.” எழுந்து குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். “ஆனா எங்க இருக்காருன்னு அதுல இல்ல. வா அண்ணே, போவோம்.”

ஜீப்பில் திரும்பினோம். தவசி அண்ணன் கியரை அடித்து அடித்துப் போட்டார். நான் பின்னால் சாக்குகளின் மேல் உட்கார்ந்திருந்தேன். கொட்டகுடி ஆற்றுப் பாலம் தாண்டியதும் முனியாயி வாயைத் திறந்தாள்.

“ஏத்தா ராக்கு, அந்த நாப்பது பேரும் எங்க தோண்டுனாக?”

“ஸ்டோர்ல.”

“ஸ்டோர்ல தோண்டுனா ஸ்டோர்ல இருந்தவுகதான் கெடைப்பாக. ஒம்புருசன் அங்கன இருந்தாரா?”

“கங்குக்குத்தானே போனாரு.”

“போன ஆளு அங்கயே உக்காந்து குளிரா காஞ்சாரு? நீ சட்டியக் குடுத்ததுலருந்து மல எறங்குன சத்தம் கேட்ட வரைக்கும் எம்புட்டு நேரம் இருக்கும்?”

ராக்கு யோசித்தாள். “பிள்ளைக்குக் கை கால் துடைச்சேன். மாவு கரைச்சேன். வெறக எடுத்து அடுப்புல அடுக்குனேன். இவர இன்னுங் காணமேன்னு வாசல்ல வந்து பாத்தேன். பெறகு உள்ள போயித்தான்… அந்தச் சத்தம்.”

“போக வர அது போதும்டீ,” என்றாள் முனியாயி. “அவரு திரும்பிட்டாரு. இப்பச் சொல்லு, கங்கோட திரும்புற ஆளு மழயில எந்த வழியா வருவான்?”

ராக்கு அவளைத் திரும்பிப் பார்த்தாள். “ரோட்டு வழியா வர மாட்டாரு. செடிக்குள்ளதான் வருவாரு.”

தவசி அண்ணன் ஜீப்பை ஓரம் கட்டி நிறுத்தினார்.

ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். இரண்டு நிரைக்கு நடுவில் நடந்தால் மேலே இலை மூடியிருக்கும். காற்றும் மழையும் நேராக அடிக்காது. கங்குச் சட்டியோடு வருகிறவர்கள் தோட்டத்துக்குள் போகிற மண்ரோட்டை விட்டுவிட்டு அந்த வழியாகத்தான் வருவார்கள். லைனில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் தோண்ட வந்தவர்கள் சமவெளி ஆட்கள். அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. மந்திரி தோண்டச் சொல்லிவிட்டார் என்ற நம்பிக்கையில் நாங்கள் மூன்று நாள் எதையும் யோசிக்காமல் இருந்துவிட்டோம். இதை நான் அப்போது நினைக்கவில்லை. எழுதும்போதுதான் தோன்றுகிறது.

“காய் எடுக்குற மாதிரி எடுப்போம்,” என்றாள் முனியாயி. “மேல வெடிப்பு இருக்கு. மண்வெட்டி போட வேணாம். நிரை பிடிச்சுத் தூரு தூராப் பாத்துக்கிட்டே எறங்குவோம்.”

செவ்வாய்க்கிழமை காலை நானும் மலை ஏறினேன். கடையில் லீவு சொல்லவில்லை. வழியில் அட்டை ஏறி இரண்டு காலிலும் ரத்தம் வடிந்தது. முனியாயி சுண்ணாம்பைத் தடவிவிட்டாள். “எழுதுறவங் காலும் அட்டைக்கு ருசியாத்தான் இருக்குபோல,” என்றாள்.

முப்பத்திரண்டு பெண்கள் இருந்தார்கள். மழை விட்டிருந்தது. சரிவின் ஓரத்தில், மண் முழுதாக மூடாமல் செடிகள் சாய்ந்தும் புதைந்தும் கிடந்த பகுதியில் அவர்கள் இறங்கினார்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. செடியின் அடித்தூரிலிருந்து சரம் கிளம்பித் தரையில் படர்ந்து கிடக்கும். காய் எடுக்கிறவர்கள் நாள் முழுதும் குனிந்து, தட்டையை விலக்கி, சருகைக் கையால் ஒதுக்கித் தரையைத்தான் பார்ப்பார்கள். ஒரு ஆள் தன் நிரையில் ஒரு தூரையும் விட மாட்டாள். விட்டால் பின்னால் வருகிற கங்காணியிடம் பேச்சு வாங்க வேண்டும். அன்றைக்குக் கங்காணி வரவில்லை. அப்படியும் யாரும் ஒரு தூரையும் விடவில்லை.

என்னை ஒரு பாறை மேல் நிற்கச் சொன்னார்கள். மேலே சரிவில் கல் உருண்டால் சத்தம் கொடுக்க வேண்டும். அதுதான் என் வேலை. நோட்டைக் கையில் எடுக்கவில்லை.

பத்து மணி போல நாலாவது நிரையில் இருந்த சந்திரவல்லி என்ற பெண் நிமிர்ந்தாள். கையில் ஒரு சட்டித் துண்டு இருந்தது. கரி பிடித்த வாய் விளிம்பு. அதைத் தூக்கிக் காட்டினாள். ராக்கு குழந்தையை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போய் வாங்கிப் பார்த்தாள். விளிம்பில் ஒரு விரற்கடை உடைந்திருந்தது.

“எஞ்சட்டிதான்,” என்றாள். “இது ஆடி மாசமே ஒடஞ்சது.”

அந்த இடத்திலிருந்து கீழே எல்லோரும் கையாலேயே மண்ணை விலக்கினார்கள். பதினைந்து அடி தள்ளி, சாய்ந்த செடிக்கு அடியில் அவர் இருந்தார். லைனைப் பார்த்த பக்கமாக விழுந்திருந்தார். நான் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்த தவசி அண்ணன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சட்டியின் பெரிய பாதி நெஞ்சுக்கும் முழங்கைக்கும் நடுவில் இருந்தது. அதற்குள் அணைந்த கரியும், மேலே ஏலச்செடி இலையும் இருந்தன.

ராக்கு கொஞ்ச நேரம் அழவில்லை. கூடியிருந்த ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்துச் சொன்னாள்.

“கங்கோட வந்திருக்காரு. பாத்துக்கங்க. வீட்டுக்குத்தான் வந்திருக்காரு.”

முனியாயியிடம் சொன்னாள். சந்திரவல்லியிடம் சொன்னாள். பாறையில் நின்ற என்னிடமும் சத்தமாகச் சொன்னாள். “தம்பி, வீட்டுக்குத்தான் வந்திருக்காரு.” பிறகுதான் அழுதாள்.

அன்று மத்தியானம் அந்த அதிகாரி ஏறி வந்தார். தோட்டத்து லிஸ்டை வாங்கி, ஐந்து பேருக்குக் கீழே தம் கையால் ஆறாவது பெயரை எழுதினார். இறந்த இடம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். “லைனுக்கு வர்ற வழியில,” என்றார் தவசி அண்ணன். அதிகாரி அப்படியே எழுதினார்.

லைனுக்குப் பின்னால் அடக்கம் முடிந்ததும் எல்லோரும் ஓடையில் குளித்துவிட்டு ராக்குவின் வீட்டு வாசலுக்கு வந்தோம். தவசி அண்ணன் என் தோளில் ஒரு தடவை கை வைத்துவிட்டு எடுத்தார். ராக்கு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவளுடைய முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. மனதில் வந்ததெல்லாம் நான் கோடு போட்டுப் பழகிய சொற்கள். ஈடுசெய்ய முடியாத. இருள் விலகும். ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த முனியாயி என்னைப் பார்த்து, போ என்பது போல முகவாயை லேசாக அசைத்தாள்.

எழுந்தேன். ராக்கு நிமிர்ந்து பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் இறங்கி நடந்தேன்.